சாய்வுப் பலகைக்கு எந்த வழி? மூன்று பாதைகளும் என் தேர்வும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு கோவிலின் திருமுறை வகுப்புக்குப் பன்னிரண்டு புத்தகப் பலகைகள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓதுகிறார்கள். புத்தகத்தை மடியில் வைத்தால் முதுகு கூன்போடுகிறது. தரையில் வைத்தால் கழுத்து தொங்குகிறது. மணைமேல் வைக்கச் சாய்வான பலகை ஒன்று இருந்தால் இரண்டு தொல்லையும் தீரும். மாதிரிக்கென்று அவர்கள் கொண்டுவந்தது கையால் இழைத்த பழைய பலகை. எத்தனையோ கைகள் பட்டு ஓரமெல்லாம் வழுவழுப்பாகியிருந்தது. அந்த வழுவழுப்பு, கணினி வழிநடத்தும் வெட்டுப்பொறியான என் சிறிய சி.என்.சி. ரௌட்டரிலிருந்தும் வர வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

பலகையின் அளவு இது. அகலம் 400 மி.மீ.; சாய்வு ஓடும் தூரம் 300 மி.மீ.; முன்பக்கக் கனம் 25 மி.மீ., பின்பக்கக் கனம் 75 மி.மீ. ஆறுக்கு ஒன்று என்ற ஏற்றம், கோணத்தில் ஏறக்குறைய 9.5 பாகை. புத்தகம் சறுக்கி விழாமல் தடுக்க முன்னோரத்தில் 15 மி.மீ. உயர விளிம்பு. பார்வைக்கு எளிய பொருள்தான். ஆனால் சி.என்.சி. இயந்திரத்துக்கு முழுத் தட்டையும் எளிது, செங்குத்துச் சுவரும் எளிது; இரண்டுக்கும் நடுவே தாழ்வாகச் சாய்ந்து கிடக்கும் பரப்புதான் கடினம். எந்தப் பிட் (சுழன்று வெட்டும் முனை), எந்தத் திசை, எவ்வளவு நெருக்கம் என்று மூன்றையும் சரியாகத் தேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. தவறாகத் தேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஓடியும் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் பாதியை மரமே செய்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரப் பலகை. இங்கிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளோடு தொடங்கிய கதை அது. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் ஒரு காலத்தில் அடுப்புக்கும் சூளைக்கும் போனது. இன்று மேசை, நாற்காலியாகிறது. வெட்டியவுடன் கவனிக்காவிட்டால் நீலப் பூஞ்சணம் படர்ந்துவிடும், துளைப்பான் பூச்சியும் ஏறிவிடும். அதனால் போரான் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தி விற்கிறார்கள். வெளிர் மஞ்சள் நிறம், ஒரே சீரான தன்மை, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ எடை. பிட்டுக்கு இதமான மரம் என்றே சொல்லலாம், ஒரு குறையைத் தவிர. பால்மரத்தில் இழுவிசை நார் அதிகம். சாய்ந்து வளர்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள வளர்க்கும் நார் அது. மழுங்கிய முனையோ மெதுவாகச் சுழலும் முனையோ பட்டால் அந்த இடம் அறுபடாது; பஞ்சுபோல் எழும்பி நிற்கும். சாயம் பூசினால் அந்தப் பஞ்சு சாயத்தைக் குடித்துக் கறுத்துக் காட்டும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் ஏன் உருண்டை முனைப் பிட்டைத் தள்ளிவைத்தேன் என்பது விளங்கும்.

இனி பருவெட்டு. இயந்திரக்காரர்கள் ரஃபிங் என்று சொல்வது இதைத்தான்: வேண்டாத மரத்தை அழகு பாராமல் விரைவாக வெளியேற்றுவது. 25 மி.மீ. பலகைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 75 மி.மீ. கட்டையாக்கினால், சாய்வுக்காக வெட்டியெறிய வேண்டிய மரம் 30 இலட்சம் கன மி.மீ., அதாவது 3 லிட்டர். 12 மி.மீ. தட்டை முனைப் பிட்டில் 5 மி.மீ. ஆழம், 5 மி.மீ. வரிசை இடைவெளி, நிமிடத்துக்கு 2500 மி.மீ. ஓட்டம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 62,500 கன மி.மீ. போகும். ஒரு பலகைக்கு 48 நிமிடம். கையிலிருக்கும் 6 மி.மீ. பிட்டே போதும் என்று 3 மி.மீ. ஆழம், 2.5 மி.மீ. இடைவெளி, 2000 மி.மீ. ஓட்டத்தில் வைத்தால் அதே வேலை 200 நிமிடம் இழுக்கும். பிட் மாற்றச் சோம்பினால் கொடுக்க வேண்டிய விலை அது. சுழல் வேகத்தையும் கண்மூடித்தனமாக உச்சத்தில் வைக்கக் கூடாது. இரண்டு பல் பிட், 12,000 சுற்று, 2500 மி.மீ. ஓட்டம் என்றால் ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. சீவலை எடுக்கிறது. சுற்றை 24,000க்கு ஏற்றினால் சீவல் பாதியாகி, பல் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். மரம் கருகும், பிட்டும் மழுங்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்திருந்த தாளைப் பெரியப்பா பார்த்தார். நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். கணினித் திரையைப் பார்ப்பதைவிடக் கட்டையைத் தட்டிப் பார்ப்பதையே நம்புவார். "மூன்றாவது பலகையை ஏன் முழுமையாக ஒட்டுகிறாய்? முன்பாதியில் அது தூளாகத்தானே போகப்போகிறது" என்றார். சரியான கேள்வி. சாய்வு 50 மி.மீ. உயரத்தைத் தொடுவது நடுவில்தான். அதற்கு முன்னால் மூன்றாவது பலகைக்கு வேலையே இல்லை. பின்பாதிக்கு மட்டும் 150 மி.மீ. அகலத் துண்டை ஒட்டினால் போதும். வெட்டவேண்டிய மரம் 3 லிட்டரிலிருந்து 1.5 லிட்டராகிறது, 48 நிமிடம் 24ஆகிறது, மரமும் மிஞ்சுகிறது. மென்பொருளில் எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் இவ்வளவு மிச்சம் கிடைத்திருக்காது. மென்பொருளுக்கு மட்டும் கட்டையின் உண்மையான வடிவத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இல்லாத மரத்தை வெட்டிக்கொண்டு காற்றிலேயே பாதி நேரம் சுற்றும்.

பருவெட்டுப் பாதைகளில் எனக்கு முன்னால் இருந்தவை மூன்று. முதலாவது, மட்டம் மட்டமாக இறங்குவது: 5 மி.மீ.க்கு ஒரு தளம், பத்துத் தளங்கள். இரண்டாவது, ஃபியூஷன் போன்ற மென்பொருள்களில் உள்ள தகவமைப்பு வெட்டு. பிட்டின்மேல் விழும் சுமையை ஒரே அளவில் வைத்துக்கொண்டு ஆழமாக இறங்கி, பக்கவாட்டில் மெல்லியதாகச் சீவும். உலோகத்திலும் ஆழமான குழிகளிலும் அது அருமையான முறை. இங்கே பொருந்தாது. ஆறுக்கு ஒன்று சாய்வில் 15 மி.மீ. ஆழம் இறங்கினால் 90 மி.மீ. அகலப் படி நிற்கும். அந்தப் படியை உடைக்க நடுநடுவே இன்னும் சில தளங்கள் வெட்ட வேண்டும். கிடைத்த வேகம் அதிலேயே கரைந்துபோகும். மூன்றாவது, வெக்ட்ரிக் ஆஸ்பயர் மென்பொருளில் இருக்கும் முப்பரிமாண வரிப் பருவெட்டு. தளமாக இறங்காமல் கணினியில் வரைந்த வடிவத்தின் சாய்வைப் பின்தொடர்ந்தே வரிவரியாக வெட்டும். எங்கும் ஒரே கனத்தில் மரத்தை மிச்சம் வைக்கும் என்பது அதன் பெருமை. ஏறி இறங்கிக்கொண்டே போவதால் நேரம் கூடும். நான் முதல் பலகைக்கு மட்டம் மட்டமாக இறங்கும் வழியை எடுத்தேன். வேகமானது, பிட்டின் ஓசையும் சீராக இருந்தது. அதில் ஒரு தவறும் இல்லை. தவறு அடுத்த அடியில்தான் நேர்ந்தது.

மட்டமாக இறங்கும் பருவெட்டு முடிந்ததும் பலகை கோவில் குளத்துப் படிக்கட்டுபோல் இருந்தது. 5 மி.மீ. உயரப் படி ஒவ்வொன்றும் 30 மி.மீ. அகலம். செங்குத்தான சாய்வாக இருந்தால் இந்தப் படி குறுகிப்போகும், பெரிதாகத் தெரியாது. தாழ்ந்த சாய்வில் படி அகன்றுவிடுகிறது. ஒரு படியின் உள்மூலையில் வெட்ட மிஞ்சியது 0.5 மி.மீ.; வெளிவிளிம்பில் 5.5 மி.மீ. இதன்மேல் நேராக 6 மி.மீ. உருண்டை முனையை நேர்த்திவெட்டுக்கு, அதாவது பரப்பை வழுவழுப்பாக்கும் கடைசி வெட்டுக்கு, அனுப்பினேன். ஒவ்வொரு படியின் விளிம்பை நெருங்கும்போதும் ஓசை கனத்தது, தாண்டியதும் மெலிந்தது. மெல்லிய பிட் சுமை ஏறும்போது வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. வேலை முடிந்து, பலகையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபோது பத்துப் பட்டைகள் தெரிந்தன. தடவினால் விரலிலும் பட்டன.

அம்மா அதைத் தடவிப் பார்த்தார். இருபது ஆண்டுகள் பால் வெட்டிய கை. பால்மரத்தின் வெட்டும் ஒரு சாய்வுதான்: இடப்புறம் மேலேயும் வலப்புறம் கீழேயும், ஏறக்குறைய 30 பாகையில் இறங்கும் கோடு. ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை மி.மீ. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் அந்த இடம் காயமாகி முண்டு விழும். புதிதாக வளரும் பட்டையில் ஒழுங்காகப் பால் வராது. "சீவல் ஒரே கனத்தில் வராவிட்டால் கத்தி உன் பேச்சைக் கேட்காது" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நேர்த்திவெட்டு நன்றாக அமைவதும் கெடுவதும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது: கடைசிப் பிட் சந்திக்கும் மரம் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும்.

அதற்காக நடுவில் ஓர் ஓட்டம் சேர்த்தேன். பருவெட்டில் பயன்பட்ட அதே 12 மி.மீ. தட்டை முனை, பிட்டை மாற்றாமல், சாய்வின் அடியிலிருந்து மேல்நோக்கி 6 மி.மீ. இடைவெளியில் போய், சீராக 0.5 மி.மீ. மட்டும் மிச்சம் வைக்கிறது. 67 வரிகள், மொத்தம் 20 மீட்டர் ஓட்டம், 8 நிமிடம். தாழ்ந்த சாய்வில் இந்த எட்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இப்போது நேர்த்திவெட்டுக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் கைநீட்டுவது உருண்டை முனைப் பிட்டுக்குத்தான். நானும் அப்படித்தான் நீட்டினேன். அது எந்த வடிவத்தையும் தொடர்ந்து போகும், எந்த மென்பொருளும் அதற்கான பாதையை எளிதாகத் தரும். அது விட்டுச்செல்லும் பரப்பு உழுத வயல் போன்றது: ஒவ்வொரு ஓட்டமும் ஒரு சால், இரு சால்களுக்கு நடுவே ஒரு வரப்பு. வரப்பின் உயரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. வரிசை இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி, பிட்டின் ஆரத்தை எட்டால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் போதும். 6 மி.மீ. உருண்டையில் 1 மி.மீ. இடைவெளி என்றால் வரப்பு 0.04 மி.மீ.; 0.6 மி.மீ. இடைவெளி என்றால் 0.015 மி.மீ. பின்னது அழகாக இருக்கும், ஆனால் 500 வரிகள், 200 மீட்டர் ஓட்டம், 80 நிமிடம். 12 மி.மீ. உருண்டைக்கு மாறினால் 1 மி.மீ. இடைவெளியிலேயே வரப்பு 0.02 மி.மீ.க்கு இறங்கும், 48 நிமிடத்தில் முடியும். ஒரே சீரான சாய்வுக்கு 6 மி.மீ. உருண்டையை எடுக்க எந்தக் காரணமும் இல்லை. நுட்பமான மூலையோ எழுத்தோ இருந்தால் மட்டும் அது வேண்டும்.

நேரத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. உருண்டை முனை தாழ்ந்த சாய்வைத் தொடுவது தன் நுனிக்கு மிக அருகில். 9.5 பாகைச் சாய்வில் 6 மி.மீ. உருண்டை மரத்தைத் தொடும் இடம் நடு அச்சிலிருந்து அரை மி.மீ. தூரத்தில் இருக்கிறது. பிட்டின் வெளிவட்டம் 18,000 சுற்றில் நிமிடத்துக்கு 339 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, உண்மையில் வெட்டுகிற அந்த இடம் 56 மீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. நுனியின் நடுவிலோ வேகமே இல்லை. வெட்டவேண்டிய பல் அங்கே அழுத்தித் தேய்க்கிறது. இழுவிசை நார் உள்ள பால்மரத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்த்தேன். முதல் பலகையின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு எழும்பியிருந்தது. பிட் புதியது, கூர்மையானது. குற்றம் கூர்மையில் இல்லை, தொடும் இடத்தில்.

இரண்டாம் பலகையில் தட்டை முனையையே நேர்த்திவெட்டுக்கும் வைத்தேன். இதற்குத் திசைதான் உயிர். தட்டை முனைப் பிட்டைச் சாய்வுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இடவலமாக ஓட்டினால், ஒவ்வொரு வரியும் ஒரு நுண்படியை விடும். 0.6 மி.மீ. இடைவெளிக்கு 0.1 மி.மீ. படி. அதை 0.04க்கு இறக்க 1200 வரிகள், மூன்று மணி நேரத்துக்கு மேல். யாரும் செய்யக்கூடாத வழி. அதே பிட்டைச் சாய்வின் ஏற்றத்தில் நேராக மேல்நோக்கி ஓட்டினால் கதை தலைகீழாகிறது. தட்டையான வட்டம் சாய்வில் ஏறும்போது, அதன் மேற்பக்க விளிம்பு மட்டுமே மரத்தைத் தொடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் அந்த வட்டம் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அது பதிக்கும் சால் 6 மி.மீ. ஆரம் கொண்டதல்ல, 36 மி.மீ. ஆரம் கொண்ட பெரிய உருண்டை பதிக்கும் சாலைப் போன்றது. அதனால் 3 மி.மீ. இடைவெளி வைத்தாலும் வரப்பு 0.03 மி.மீ.தான். 134 வரிகள். ஏறும்போது மட்டும் வெட்டி, தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி ஏறும்படி வைத்ததில் 25 நிமிடம் ஆனது. வெட்டுவது பிட்டின் வெளிவிளிம்பு என்பதால் முழு வேகமும் அங்கே இருக்கிறது, பஞ்சு எழும்பவில்லை. இறங்கும்போதும் வெட்டவிட்டால் நேரம் 16 நிமிடமாகக் குறையும். ஆனால் இறக்கத்தில் வேலை அடிப்பற்களுக்குப் போகிறது, பரப்பில் வேறுபாடு தெரிகிறது. ஒன்பது நிமிடத்துக்காக அதை ஏற்க எனக்கு மனமில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பலகையில் நார் இடவலமாக ஓடுகிறது. மேல்நோக்கிப் போகும் சால்கள் நாருக்குக் குறுக்கே விழுகின்றன. நாரோடு சேர்ந்து ஓடும் 0.03 மி.மீ. வரப்பு கண்ணில் படாது. நாருக்குக் குறுக்கே ஓடும் அதே வரப்பு வார்னிஷ் ஏறியதும் விளக்கொளியில் எட்டிப் பார்க்கும். 120 எண் உப்புத்தாளில் நாரோட்டமாகத் தேய்த்து, பிறகு 180, 240 என்று போக வேண்டியிருந்தது. சால் அகலமாகவும் ஆழமற்றதாகவும் இருப்பதால் கை வலிக்கவில்லை, அவ்வளவே. அடுத்தது பின்னோரம். பிட் ஏறி வெளியேறும் இடத்தில் நார் பெயர்ந்து சிலும்பு தெறிக்கும். பின்பக்கத்தில் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, கடைசியில் அதை அறுத்தெடுத்தால் தீர்ந்தது.

பெரிய குறை முன்விளிம்பில் இருக்கிறது. பிட்டின் மேற்பக்கம்தான் சாய்வைத் தொடுகிறது என்றால், கீழ்ப்பக்கம் சாய்வைத் தொடாமல் மிதக்கிறது என்று பொருள். 12 மி.மீ. பிட் விளிம்பை ஒட்டி நிற்கும்போது, விளிம்போரத்தில் 2 மி.மீ. மரம் வெட்டப்படாமல் நிற்கும். அது 12 மி.மீ. தூரம் வரை மெல்ல மெல்லக் குறைந்து போகும். அந்தக் கீற்றுக்கு மட்டும் சிறிய உருண்டை முனையை அனுப்பலாம், ஆறேழு நிமிடம். அப்போது மூலையில் 3 மி.மீ. வளைவு மிஞ்சும். நான் அனுப்பிப் பார்த்தேன். பிறகு புத்தகத்தை வைத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. பலகையைத் தட்டையாகப் படுக்கவைத்துச் செதுக்கினால் விளிம்பின் உட்சுவர் தரைக்குச் செங்குத்தாக நிற்கிறது. சாய்வுக்குச் செங்குத்தாக அல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் 80.5 பாகை. புத்தகத்தின் அடியோ 90 பாகை. விளிம்பின் மேல்நுனி மட்டும் புத்தகத்தில் படுகிறது. அடியில் இரண்டரை மி.மீ. இடைவெளி. தடித்த அட்டைக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய தாள் புத்தகத்துக்கு அங்கே ஓரம் மடங்கும். பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் புத்தகம் அது. எனக்கு அது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

மூன்றாம் வழி, சாய்வையே இல்லாமல் செய்வது. பலகையை 9.5 பாகை சாய்த்துக் கட்டினால் சாய்ந்த பரப்பு இயந்திரத்துக்கு மட்டமாகிவிடும். அதன்பின் மேசை சமன்படுத்தும் 22 மி.மீ. அகலப் பிட்டால் இடவலமாக ஓட்டினால் போதும். தாங்கியைச் செய்வதும் கடினமல்ல. 18 மி.மீ. பிளைவுட்டில் 300 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரம் கொண்ட நான்கு முக்கோணங்கள். அவற்றை அதே ரௌட்டர் தட்டையான வெட்டாகவே அறுத்துத் தருகிறது. பலகையின் மெலிந்த முன்பக்கம் முக்கோணத்தின் உயர்ந்த பக்கத்தில் உட்கார வேண்டும். சறுக்காமலிருக்கக் கீழே ஒரு தடுப்புக் கட்டை. பலகையின் அடியில் நான்கு திருகாணி. அந்தத் துளைகளைப் பின்னால் ஒட்டும் கம்பளித் துண்டுகள் மூடிவிடும்.

இந்த முறையில் பரப்பு வந்த விதம் மற்ற இரண்டையும் மறக்கச் செய்தது. 14 மி.மீ. இடைவெளியில் 22 வரிகள், ஒரு தளத்துக்கு மூன்றரை நிமிடம். படிகளை உடைத்து மட்டமாக்க மூன்று தளங்கள், மொத்தம் பத்து நிமிடம். வரிகள் நாரோடு சேர்ந்து ஓடுகின்றன. நடு ஓட்டமும் வேண்டியதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தளமும் இறுதிப் பரப்புக்கு இணையாகவே இருக்கிறது. கடைசித் தளத்தில் அரை மி.மீ. மட்டும் விட்டால் எல்லா இடத்திலும் அதே கனம். விளிம்பும் சாய்வுக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறது. உப்புத்தாள் வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

ஆனால் இது எல்லா இயந்திரத்திலும் நடக்காது. என் ரௌட்டரில் மேசைக்கும், பிட்டைச் சுழற்றும் சுழலியைத் தாங்கும் பாலத்துக்கும் நடுவே 110 மி.மீ.தான். வெட்டாத கட்டையைச் சாய்த்துக் கட்டினால் முன்பக்கம் 50 மி.மீ. முக்கோணத்தின்மேல் 50 மி.மீ. கட்டையாக 100 மி.மீ. ஆகிவிடுகிறது, பிட் அதற்குமேல் எழுந்து நகர இடமே இல்லை. அதனால் கலப்பு வழிக்குப் போனேன். பருவெட்டு முழுவதும் பலகை படுத்த நிலையில், மட்டம் மட்டமாக. பிறகு தாங்கியில் ஏற்றி நேர்த்திவெட்டு மட்டும். பருவெட்டு முடிந்த பலகையில் விளிம்பும் சேர்ந்து 40 மி.மீ. கனம், தாங்கியோடு 90 மி.மீ. நெருக்கம்தான், ஆனால் போகிறது. இன்னொரு எச்சரிக்கை: அகலப் பிட் சுழலியின் கோணப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். சுழலி 0.1 பாகை சாய்ந்திருந்தாலே 22 மி.மீ. அகலத்தில் 0.04 மி.மீ. படி விழும். முதலில் சுழலியைச் செங்குத்தாக நிறுத்திச் சரிபார்க்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருவெட்டு முடித்த அன்றே நேர்த்திவெட்டு செய்யாதீர்கள். கட்டையிலிருந்து இவ்வளவு மரம் ஒரு பக்கமாகப் போனதும், உள்ளே அடங்கியிருந்த இழுப்பு வெளிப்பட்டுப் பலகை லேசாக நெளியும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் அது இன்னும் கூடும். பன்னிரண்டுக்கும் பருவெட்டு முடித்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு நாள் நிழலில் விட்டேன். மூன்றாம் நாள் நேர்க்கோல் வைத்துப் பார்த்ததில் நான்கு பலகைகளின் அடி ஒரு மி.மீ. வரை வளைந்திருந்தது. அடியை மறுபடி இழைத்து மட்டமாக்கிய பிறகே தாங்கியில் ஏற்றினேன். வளைந்த அடியோடு ஏற்றியிருந்தால், திருகாணி முறுக்கும்போது மட்டமாகத் தெரிந்து, கழற்றியதும் மீண்டும் வளைந்திருக்கும்.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், 6 மி.மீ. உருண்டை வழி 112 நிமிடம், 12 மி.மீ. உருண்டை 80, தட்டை முனை ஏற்ற வழி விளிம்புக் கீற்று நீங்கலாக 57. தாங்கி வழி, பலகையை ஏற்றிக் கட்டும் 20 நிமிடத்தையும் சேர்த்து 54. தாங்கி செய்ய அரை நாள் போனது. ஒரே ஒரு பலகை என்றால் அந்த அரை நாள் வீண். தட்டை முனையை மேல்நோக்கி ஓட்டும் வழியையே எடுப்பேன். அப்போது விளிம்பைத் தனிச் சட்டமாக இழைத்து, முன்பக்கத்தைச் சாய்வுக்குச் செங்குத்தாகச் சீவி, இரண்டு மர ஆணியோடு ஒட்டிவிடுவேன். விளிம்பு தனியானதும் பிட் முன்னோரத்துக்கு வெளியிலிருந்தே ஏறத் தொடங்கலாம். வெட்டாத கீற்றும் இல்லை, 80.5 பாகை வம்பும் இல்லை. பெரியப்பா தொடக்கத்திலிருந்தே விளிம்பைத் தனியாகச் செய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு என்பதால் தாங்கியைத் தேர்ந்தேன். உருண்டை முனையில் பட்டை விழுந்த முதல் பலகையைக் கணக்கில் சேர்க்காமல், மீதி எல்லாவற்றையும் அதில்தான் முடித்தேன். வகுப்பு ஆசிரியர் தமக்கு ஒன்று கேட்டிருக்கிறார்: அகலம் கூடுதல், விரித்த புத்தகத்தின் முதுகு படிய நடுவில் மெல்லிய குழிவு. அங்கே தாங்கியும் உதவாது, தட்டை முனையும் உதவாது. அதற்கு 12 மி.மீ. உருண்டைதான். பருவெட்டில் 2 மி.மீ. தளம், படி 12 மி.மீ.க்குமேல் அகலாதபடி, நடு ஓட்டம் அதே உருண்டையில் 3 மி.மீ. இடைவெளியில், அரை மி.மீ. விட்டு, நேர்த்திவெட்டு 1 மி.மீ. இடைவெளியில் நாரோட்டமாக. இழுவிசை நார் இல்லாத பலகையாகப் பொறுக்க வேண்டும் என்பதால், இழைத்துப் பார்த்துத்தான் ஒட்டப்போகிறேன்.